நவம் அண்ணையும் ஏசி இல்லாத காரும்

நவம் அண்ணை காலமான செய்தி வந்தபோது நான் வெள்ளவத்தையில், காலி வீதி நெரிசலில், என் காருக்குள் இருபத்திரண்டு பாகைக் குளிரில் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி அழைப்பை நான்கு மூலைகளிலுமுள்ள ஒலிபெருக்கிகளில் போடுகிற கார் அது. ஆகவே மாளிகாவத்தை நியாஸின் குரல் நான்கு பக்கங்களிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்தது.

"சேர், நவம் சேர் மவுத்தாகிட்டாரு. காலம்பற தேத்தண்ணி குடிச்சிட்டு ஜன்னலடியில சாஞ்சிக்கிட்டு இருந்தவரு. அப்படியே போயிட்டாரு."

நியாஸ், நவம் அண்ணையின் காரை நெடுங்காலமாகப் பழுதுபார்த்து வந்த மெக்கானிக். அழுதுகொண்டே சொன்னார். நானும் கலங்கினேன். அதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். ஏனென்றால் அடுத்த கணம் எனக்குத் தோன்றியது இதுதான்: சாவதற்குக்கூடக் காற்றோட்டமான இடமாகப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

மறைந்தவரைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்மீது தமக்கிருந்த அன்பை எழுதுவது வழக்கம். எனக்கு அவர்மீது இருந்தது பெரும்பாலும் பொறாமை. அன்பும் இருந்தது. அது பின் இருக்கையில் இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். திரு. க. நவரத்தினம் அவர்கள் கொச்சிக்கடையில், கப்பலில் வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக்கொடுக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். என்னிலும் நான்கு வயது மூத்தவர். திருமணம் செய்யவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தார். கோபப்பட்டு நான் கண்டதில்லை. ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கதைத்ததும் இல்லை. இப்படிப்பட்ட மனிதரோடு ஒரே அறையில் இருபது வருடம் வேலை செய்வது எவ்வளவு சிரமமென்பது செய்தவர்களுக்குத்தான் தெரியும்.

நாங்கள் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கிய சில வருடங்களில் அவர் அந்தக் காரை வாங்கினார். அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயரவிருந்த ஒரு பறங்கியர் குடும்பம் விற்றது. இலக்கத் தகட்டில் ஸ்ரீ எழுத்து வருவதற்கும் முன்னர் பதிவான கார். எங்கள் இருவரிலும் மூத்தது. அதற்குள் ஏசி இல்லை, மின்விசிறி இல்லை, வானொலி இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு கையும் தோளும் வேண்டும். திரும்பப்போவதைக் காட்ட வெளியே கையை நீட்ட வேண்டும்.

"அண்ணை, இதுக்குள்ள எப்பிடி இருக்கிறது? அவிஞ்சு போவியள்" என்றேன்.

"காரைக் குளிராக்கத் தேவையில்லை ஐசே. ஆளைச் சூடாக்காமல் விட்டாலே போதும்" என்றார். என்னை அவர் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார்.

அதை ஒரு வாய்ச்சவடால் என்று நினைத்தேன். அடுத்த வருடமே கடன்பட்டு, ஏசி பூட்டிய ஒரு ஜப்பான் கார் வாங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு அலுவலகத்தில் நாங்கள் ஆறு பேர் ஒன்றாக வெளியே போவது வழக்கம். இனி எல்லோரும் என் காருக்குள் இடம் பிடிக்கச் சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். முதல் நாள் ஏறினார்கள். இரண்டாம் நாளும் ஏறினார்கள். மூன்றாம் நாள் நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், நான்கு பேர் நவம் அண்ணையின் காருக்குள் நெருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்குத் துணையாக வந்தவர் ஒருவர்தான். அவருக்குத் தடிமன் பிடித்து மூக்கடைத்திருந்தது; வெளிக்காற்று ஆகாதாம்.

அவர் செய்த ஏற்பாடுகளை நான் ஓர் ஒற்றனைப் போலக் கவனித்துவைத்தேன். ரெக்சின் இருக்கை முதுகில் ஒட்டாமலிருக்க அதன்மேல் பன்புல்லில் பின்னிய பன்பாயை அளவாக வெட்டித் தைத்துப் போட்டிருந்தார். முன் கதவுகளில் உள்ள சிறிய முக்கோணக் கண்ணாடியை எவ்வளவு திறந்தால் காற்று ஏறியவருடைய முகத்தில் அடிக்காமல் கழுத்தில் படும் என்பது அவருக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் அதை மாற்றுவார். உயரமானவர் ஏறினால் ஓர் அளவு, கொண்டை போட்டவர் ஏறினால் வேறோர் அளவு. காரை வெயிலில் நிறுத்தவே மாட்டார். நிழல் நகர்ந்தால் அலுவலகத்திலிருந்து இறங்கிப் போய்க் காரையும் நகர்த்திவிட்டு வருவார். மழைக்காலத்தில் பச்சை உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி முன்கண்ணாடியில் தேய்ப்பார். தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். ஒரு பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணீர் எப்போதும் இருக்கும்.

இவ்வளவையும் நான் வீட்டில் குறைகூறும் நோக்கத்தோடு விவரித்தேன். என் மனைவி பவானி அக்கறையோடு கேட்டுவிட்டு, "எனக்கு உங்கட ஏசிக் காத்து பிடரிக்குள்ள பிடிக்குது. ஒருநாள் அந்தக் காரில போய்ப் பாக்கோணும்" என்றாள்.

பார்த்தாள். நாங்கள் ஓய்வு பெற்ற பிறகு அது வாராந்த ஒழுங்காகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் நவம் அண்ணை அதிகாலையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருவார். ஏழு மணிக்குப் பவானியையும் என் மகள் துளசியையும் ஏற்றிக்கொண்டு, கடலோரமாக மெரைன் டிரைவ் வழியே கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போவார். அங்கே பவானியின் தமக்கை வீட்டில் அவர்களை விட்டுவிட்டு, பின்னேரம் நாலரைக்குத்தான் திரும்பக் கொண்டுவருவார். முன்னதாகக் கேட்டால், "கொஞ்சம் பொறும் தங்கச்சி, காத்து மாறட்டும்" என்பாராம். என்னையும் ஒவ்வொரு வெள்ளியும் அழைத்தார்.

"ஏறும் ஐசே. முன்னுக்கு இடமிருக்கு."

"இல்லை அண்ணை, எனக்கு வேற அலுவல் இருக்கு."

எனக்கு ஓர் அலுவலும் இருக்கவில்லை. ஓய்வு பெற்ற மனிதனுக்கு வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்ன அலுவல்? பால்கனியில் நின்று அந்தக் கார் முடுக்கில் திரும்பி மறையும்வரை பார்ப்பேன். என் மனைவியும் மகளும், யாரும் சொல்லாமல், தாமாக, அவருடைய காரை விட்டு என்னுடைய காரை ஒரே ஒரு தடவை கேட்டு ஏற வேண்டும். எனக்கு இருந்த ஆசை இவ்வளவுதான். பெரிய ஆசை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒருமுறை அவரையே பின்பற்றிப் பார்த்தேன். ஏசியை நிறுத்தி, நான்கு கண்ணாடிகளையும் இறக்கி, இருக்கையில் பாய் விரித்து, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பகல் ஒரு மணிக்குக் காலி வீதியால் புறப்பட்டேன். பம்பலப்பிட்டியைத் தாண்டுவதற்குள் ஒரு பஸ் விட்ட புகை முழுவதும் எங்களுக்குள் வந்து இறங்கியது. பாய் வழுக்கித் துளசி முன்னால் போய் முட்டிக்கொண்டாள்.

"உங்களுக்கு என்ன, விசரே? ஏசியைப் போடுங்கோ!" என்றாள் பவானி.

"நவம் அங்கிள் செய்தா எல்லாம் சரியா வருது. அப்பா செய்தா ஏன் இப்பிடி வருது?" என்றாள் துளசி. அவள் குற்றமாகச் சொல்லவில்லை. அறிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அது இன்னும் நினைவில் நிற்கிறது.

பிறகு துளசியின் கல்யாணம் வந்தது. அதற்கென்றே நான் பழைய காரை விற்று, இப்போதுள்ள இந்தக் காரை வாங்கினேன். வெள்ளை நிறம். மணமகள் இறங்குவதற்குப் பொருத்தமாகக் கதவு அகலத் திறக்கும். பூ அலங்காரக்காரனிடம் முற்பணமும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகுதான் துளசி, "அப்பா, நான் நவம் அங்கிளின்ட காரிலதான் மண்டபத்துக்குப் போவன்" என்றாள்.

"சித்திரை வெயில் பிள்ளை. கூறையோட அவிஞ்சு போவாய். முகத்தில பூசினதெல்லாம் வழியும்."

"வழியாது. அங்கிள் பாத்துக்கொள்ளுவார்."

அவர் பார்த்துக்கொண்டார். அன்று விடியலில் எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு வந்து, மதிலோரம் நிழலில் காரை நிறுத்தி, அதன் கூரையில் நனைத்த சாக்குகளை விரித்திருந்தார். நியாஸ் ஒரு வாளியோடு பக்கத்தில் நின்று அவற்றை நனைத்துக்கொண்டேயிருந்தார். வந்த உறவினர்கள், மணமகளின் காருக்கு மூடுசாக்குப் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினேன். நேரம் வந்ததும் சாக்குகளை எடுத்து, துடைத்து, பூமாலையைக் கட்டினார்கள். துளசி ஏறினாள். நான் என் புதிய வெள்ளைக் காரில், ஐயரையும் மூன்று மாமிகளையும் ஏற்றிக்கொண்டு பின்னால் போனேன். மாமிகளுக்குக் குளிர்ந்தது. சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டார்கள். முன்னால் போகும் காரின் பின்கண்ணாடியில் என் மகள் சிரிப்பது வழி முழுக்கத் தெரிந்தது.

கொட்டாஞ்சேனையில் மண்டப வாசலில் இரண்டு கார்களும் நின்றன. மகளை நான்தான் கைபிடித்து இறக்க வேண்டும். விரைந்து என் கதவைத் திறந்து வெளியே காலை வைத்தேன். குளிரிலிருந்து வெக்கைக்குள் வந்த என் மூக்குக்கண்ணாடியில் ஒரே நொடியில் வெள்ளையாக ஆவி படிந்துவிட்டது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. மேளம் கேட்டது. யாரோ "வலது கால், வலது கால்" என்றார்கள். வேட்டித் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தபோது, துளசி இறங்கி நின்றுகொண்டிருந்தாள். ஒரு துளி வியர்வை இல்லை. அவள் கை நவம் அண்ணையின் கையில் இருந்தது. கல்யாண அல்பத்தின் மூன்றாம் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. ஓரத்தில் வேட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டு நிற்பவன் நான். ஆனந்தக் கண்ணீர் விடுவதாக எல்லோரும் சொல்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

அதற்குப் பிறகும் அவர் என்னை அழைத்தார். அதற்குப் பிறகும் எனக்கு அலுவல் இருந்தது.

செத்தவீட்டுக்கு நாங்கள் மூவரும் என் காரில்தான் போனோம். கிரியைகள் முடிந்து, பின்னேரம் மூன்றரைக்குப் பிரேதத்தை எடுத்தார்கள். பொரளை மயானத்துக்குப் போக வேண்டும். நவம் அண்ணையின் கார் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. நியாஸ் என்னிடம் வந்து காரின் திறப்புச் சாவியைக் கையில் வைத்தார்.

"சேர், நீங்க ஓட்டுங்க. நான் அவரோட வேன்ல முன்னுக்குப் போறேன்."

"நானோ? எனக்கு இந்தக் காரெல்லாம் பழக்கமில்லை நியாஸ்."

"அவரு சொல்லி வச்சது சேர். போன மாசம்தான் சொன்னாரு. 'அந்தாளுக்கு இந்தக் கார்ல சரியான ஆசை. வாய் விட்டுக் கேக்காது. எனக்கு ஒண்டெண்டா அவரை ஓட்டச் சொல்லு' எண்டு."

எல்லாம் தெரிந்திருக்கிறது. அத்தனை வருடமும் தெரிந்தே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அழைத்திருக்கிறார்.

பவானி முன்னால் என் இடப்பக்கத்தில் ஏறினாள். துளசி அவளுக்குப் பின்னால் ஏறினாள். வாழ்க்கையில் முதன்முதலாக நான் அந்தக் காருக்குள் உட்கார்ந்தேன். ஆட்களுக்கு முன்னால் இரண்டு தடவை நின்றுபோய், மூன்றாம் தடவை நகர்ந்தது. நூறு யார் தூரம் போவதற்குள் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஓட்டுநர் இருக்கையில் மட்டும் பன்பாய் இல்லை. அதை வெட்டியதில் மீதி வரவில்லைப் போலும். என்ஜின் சூடு பாதத்தில் ஏறியது. ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டியதில் தோள் இறுகியது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலப்பக்கத்திலிருந்து பின்னேர வெயில் நேராக என் கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் விழுந்துகொண்டிருந்தது.

"என்ன காத்து!" என்றாள் பவானி.

"அப்பா, பாருங்கோ, ஏசியே தேவையில்லை" என்றாள் பின்னாலிருந்து துளசி.

திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவர்மீதும் ஒரு பொட்டு வெயில் இல்லை. அப்போதுதான் எனக்கு அந்தக் கணக்கு விளங்கியது. காலை ஏழு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து வடக்கே போனால் வெயில் வலப்பக்கம். பின்னேரம் நாலரைக்குத் தெற்கே திரும்பினாலும் வெயில் வலப்பக்கம். ஓட்டுகிறவர் இருப்பது வலப்பக்கம். காற்று மாறுவதற்காக அவர் காத்திருக்கவில்லை. வெயில் தன் பக்கம் வரும்வரை காத்திருந்தார்.

இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். பதினைந்து வருட இரகசியம் என் கைக்கு வந்துவிட்டது. அந்தக் காரில் சுகம் என்று ஒன்று இருக்கவில்லை, ஒருவர் தன் பங்கை விட்டுக்கொடுத்ததுதான் இருந்தது என்று ஒரே வசனத்தில் போட்டு உடைத்திருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"ஓம்" என்றேன். "நல்ல காத்துத்தான்."

"நவம் அண்ணை காரை எப்பிடி வச்சிருக்கிறார் பாத்தியளே" என்றாள் பவானி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வெந்தது நான். புகழ் அவருக்கு.

மயானத்தில் இறங்கியபோது நியாஸ் என் சட்டையைப் பார்த்தார். வலது பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. "அவருக்கும் இந்தப் பக்கம்தான் நனையும் சேர்" என்றார். "நவம் சேர் இவங்கள எறக்கிட்டு நம்மட கராஜுக்கு வந்துதான் சேர்ட் மாத்துவாரு. தோளெல்லாம் வேர்க்குரு. ஒருத்தருக்கும் சொல்ல வாணாம்பாரு."

கொள்ளி வைத்து முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகும் கொஞ்சநேரம் அங்கே நின்றேன். வெயில் இன்னும் இருந்தது. என் கை எரிந்துகொண்டிருந்தது.

அண்ணை, போய் வாருங்கள். நீங்கள் போகிற இடத்தில் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, இந்தமுறையாவது நிழற்பக்கம் இருங்கள். அந்த இடத்தையும் எழுந்து வேறு யாருக்கோ கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் அங்கேயும் எல்லோரும் உங்களையே சுற்றிக்கொள்வார்கள். பின்னால் வருகிற நான் யாரை ஏற்றுவது?