கோட் இல்லாத ஒரு படம்

லண்டனில் படம் கழுவும் கடைக்காரர்களுக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு. நாம் எடுத்த படம் பிழையாக வந்தால், அதன்மேல் சின்ன ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி, எங்கே தவறினோம் என்று மரியாதையாக அச்சடித்துத் தருவார்கள். கை ஆடிவிட்டது, வெளிச்சம் போதாது, விரல் மறைத்தது. ஊரில் ஸ்டூடியோக்காரர் நம் முகத்தைத்தான் குறை சொல்வார். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் அப்படி ஒரு கடைக்கு வெளியே, படங்கள் இருந்த கவரைப் பிரிக்கப் பயந்து மழையில் நின்றேன். உள்ளே ஒரு படத்திலாவது என் மனைவி மாலதி இருக்கவேண்டும்.

முந்தைய வருடம் மாலதிக்குப் பெரிய ஒப்பரேஷன். சுகமாகிவிட்டாள். ஆனால் செய்தி கடல் கடந்து, கொழும்பில் லொட்ஜ் ஒன்றில் தங்கியிருந்த அவள் தாய், என் மாமியிடம் போய்ச் சேர்ந்தபோது, மகள் இனி எழும்பி நடக்கமாட்டாள் என்று ஆகியிருந்தது. மாமிக்கு டெலிபோனில் காது கேளாது. படம்தான் வழி. முகம் தெரியும் படம் அனுப்பினோம். பவுடர் பூசி நோயை மறைத்திருக்கிறோம் என்றார் மாமி. வீட்டுக்குள் எடுத்து அனுப்பினோம். கட்டிலிலிருந்து எழுப்பி நிறுத்தியிருக்கிறோம் என்றார். வெளியே எடுத்து அனுப்பினால், கோட்டுக்குள் பிள்ளை எலும்பாய் நிற்கிறாள் என்றார். லண்டன் குளிரில் கோட்டைக் கழற்றி நிற்கவைத்தால் திரும்பவும் ஆஸ்பத்திரிதான். மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து மாலதிக்கும் சாப்பாடு இறங்கவில்லை. வடக்கு லண்டன் எட்மண்டனில் இருக்கும் எங்கள் நண்பர் குணம் அண்ணை கொழும்பு போகவிருந்தார். அதற்குள் ஒரு நல்ல படம் வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் இருக்கும் மாலதியின் தமையனிடம் போனோம். அவர் எங்களைக் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்குப் பார்க்கச் சுற்றுலா பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பைன் மரங்கள், கார்கள், ஐஸ்கிறீம் தின்னும் குடும்பங்கள் எல்லாம் தாண்டி நடந்தால், நிலம் சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே சிவப்பும் மஞ்சளும் ஊதாவுமாகப் பாறை அடுக்குகள். ஆகக் கீழே நூல்போல ஒரு ஆறு. பார்த்தவர்கள் எல்லாரும் அழகு அழகு என்றார்கள். எனக்கு அழகு தெரியவில்லை. வேலி இல்லாததுதான் தெரிந்தது.

வெயில் சுட்டது. மாலதி ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுச் சேலையோடு நின்றாள். தலையிலிருந்து கால் வரை படத்தில் விழவேண்டும், மகள் நிலத்தில் கால் ஊன்றி நிற்பதை மாமி பார்க்கவேண்டும். அதற்கு யாராவது ஒருவர் பின்னுக்குப் போகவேண்டும்.

"ஒரு அடியும் பின்னுக்குப் போகாதேயும்," என்றேன்.

"நீங்கள் போங்கோவன்," என்றாள் அவள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அள்ளி அள்ளி எடுத்தேன். அப்போதுதான் பச்சைக் காற்சட்டை, அகன்ற தொப்பி, இடுப்பில் வோக்கிடோக்கியோடு ஒருவர் நேரே எங்களை நோக்கி வந்தார். காற்றில் அவர் சொன்னது கேட்கவில்லை. என் கமெராவை நோக்கிக் கையை நீட்டினார்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் அயலவர் ஒருவர் கலியாண வீட்டில் படம் எடுத்துவிட்டு வரும்போது சோதனைச்சாவடியில் பிடிபட்டார். மணமக்களுக்குப் பின்னால் ஆமிக் காம்ப் விழுந்திருக்கலாம் என்று சந்தேகம். அவர் திரும்பி வர வெகுகாலம் ஆனது, கமெரா வரவேயில்லை. அதன்பிறகு கமெரா வைத்திருந்த எல்லாருக்கும் ஒரு பழக்கம் வந்தது. கேட்கமுன்னமே மூடியைத் திறந்து, பிலிமை இழுத்துக் காட்டிவிடுவது. அன்று என் கை என்னைக் கேட்காமல் அதையே செய்தது. பிலிம் வெயிலில் பளபளவென்று தொங்க, நான் அதை நீட்டிக்கொண்டு பல்லைக் காட்டி நின்றேன்.

அந்த மனிதர் அப்படியே நின்றுவிட்டார். அவர் அந்தப் பூங்காவின் காவலர்; இருவரும் சேர்ந்து நின்றால் ஒரு படம் எடுத்துத் தரட்டுமா என்று கேட்கத்தான் வந்தாராம். பயமுறுத்திவிட்டேன், மன்னியுங்கள் என்றார். சீருடை போட்ட ஒருவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"ஏனப்பா இழுத்தனீங்கள்? அம்மாவுக்கு இனி என்னத்தைக் குடுத்துவிடுறது?" என்று மாலதி கேட்டாள்.

"அவர் கேக்கப்போறார் எண்டு நினைச்சன்," என்றேன். வேறு பிலிம் இல்லை, மறுநாள் விடிய லண்டனுக்குப் பிளேன். பஸ் சாரதி ஹோர்ன் அடித்தார். தொங்கியதைச் சுருட்டி உள்ளே விட்டு மூடினேன்.

பிளேஸ்டோ மழையில் கவரைப் பிரித்தேன். படம் படமாக வெறும் வெள்ளை. சுருளின் உள்ளே கிடந்த ஒன்று மட்டும் தப்பியிருந்தது. மாலதி தலை முதல் கால் வரை, சேலையோடு, சிரித்தபடி. அவளுக்குப் பின்னால் பாறையும் இல்லை, ஆறும் இல்லை. எல்லாவற்றையும் வெளிச்சம் தின்றுவிட்டது. பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டது என்று ஒட்டுத்தாள் சொன்னது. அதை உரித்துவிட்டுப் படத்தைக் குணம் அண்ணையிடம் கொடுத்தோம்.

ஒரு காலையில் அவர் கொழும்பிலிருந்து போன் எடுத்தார். மாலதி பிடித்திருந்த ரிசீவரில் நானும் காதை வைத்துக்கொண்டேன்.

"அம்மா பக்கத்தில இருக்கிறா, தங்கச்சி. பிள்ளை சுகமாய்த்தான் நிக்கிறாள் எண்டு படத்தைக் கீழ வைக்கிறா இல்லை. இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டவ. ஆனா ஒண்டு கேக்கிறா. நீர் எங்கை நிக்கிறீர்? பின்னால ஒரு இடமும் தெரியேல்லையாம்."

மாலதி என்னைப் பார்த்தாள். அமெரிக்கா என்றால், லண்டனில் இருக்க இடமில்லாமல் போய்விட்டார்களா என்று மாமி அடுத்த கவலையைத் தொடங்குவார். லண்டன் என்றால் பொய்.

"வெயிலுக்குள்ள நிக்கிறன் எண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றாள்.

போனை வைத்துவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கதவடியில் தொங்கிய கோட்டை எடுத்துப் போட்டுக் கழுத்துவரை பொத்தானைப் பூட்டினாள்.