முன்னால் நடக்கிறவர்

பிரான்சு நாட்டுக் கிராமத்துப் பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பட்டினி கிடந்ததற்கு வேளாங்கண்ணி மாதாதான் காரணம் என்று சொன்னால், என் மனைவி இன்றைக்கும் சண்டைக்கு வருவாள். ஆனால் நடந்தது அதுதான்.

நாங்கள் ராயபுரம். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். முப்பது வருஷம் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தே சம்பாதித்தேன். மனைவி அப்படியில்லை. இருபது வருஷத்துக்கு மேல், ஆகஸ்ட் மாதம் வந்தால் காவிப் புடவை கட்டிக்கொண்டு கோயில் கூட்டத்தோடு வேளாங்கண்ணிக்கு நடந்துவிடுவாள். நான் கோயில் வாசல்வரை அவள் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். "ஷிப்ட் கீது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவேன். ஷிப்ட் இல்லாத வருஷங்களிலும் அதையேதான் சொன்னேன்.

போன வருஷம் அவளுடைய வலது முட்டி வீங்கியது. அறுவை செய்தே ஆகவேண்டும், அதற்குப் பிறகு நீண்ட நடையை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். பிரான்சில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போவதென்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அங்கே மக்கள் லீவு போட்டுவிட்டு ஊர் ஊராக நடக்கிறார்கள் என்று மகள் எப்போதோ சொல்லியிருந்தாள். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முன்னால் ஒரே ஒரு நடை, அவ்வளவுதான் கேட்டாள்.

மகள் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். ஆறு நாள் நடை. போனை என் கையில் கொடுத்து, "நைனா, அம்மாவுக்கு வலி வந்தா ஒடனே கூப்புடு. காரு எடுத்துகினு வந்துடுவேன்" என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் மனைவி என்னிடம் சொன்னாள்: "காருல ஏறினன்னா என்னோட கடைசி நடை பாதிலயே நின்னுபூடும். கூப்ட்டுடாதய்யா."

ஐந்து நாள் ஒழுங்காகப் போயின. ஆறாவது நாள்தான் ஞாயிறு. அன்று மாலை மலைமேல் இருக்கும் ஓர் ஊரில் நடை முடியும், மகள் அங்கே காரோடு காத்திருப்பாள் என்று ஏற்பாடு. காலையில் தங்கிய வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அந்த வீட்டம்மா ரொட்டியைக் காட்டி ஏதோ கேட்டார். மனைவி சிரித்துக்கொண்டே வேண்டாம் என்று கையை ஆட்டினாள். சரி, இவள் ஏதோ கட்டி வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் தினமும் சொல்வதைச் சொன்னாள். "நீ முன்னாடி போய்யா."

இதில் எனக்கு ஒரு பெருமை உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் கேஸ் சிலிண்டர் பதிவு செய்வதில்கூட என் பேச்சு எடுபடாது. இங்கே நான் முன்னால், அவள் பின்னால். பாதையில் மரத்திலும் கல்லிலும் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருப்பார்கள். ஒன்றன்மேல் ஒன்று இருந்தால் சரியான வழி, குறுக்காக இருந்தால் தப்பான வழி. நான்தான் கண்டுபிடித்துக் கண்டுபிடித்துக் கூட்டிப்போனேன். ஓரிடத்தில் பெயின்ட் புதிதாக இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆளே இல்லாத காட்டில் இதை யார் வந்து அடிக்கிறார், சம்பளத்துக்கா, சும்மாவா என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது. கேட்கத்தான் ஒருவரும் கிடைக்கவில்லை.

எனக்கு எதைப் பார்த்தாலும் எடை பார்க்கிற புத்தி. வயலில் வைக்கோலை உருளை உருளையாகச் சுருட்டிப் போட்டிருந்தார்கள். ஒன்று கால் டன்னுக்குக் குறையாது. எந்த வண்டி தூக்குகிறது, கொக்கி எங்கே மாட்டுவார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவன் நான். இங்கே ரோட்டின் நடுவில் நின்று கொட்டாவி விட்டேன். காலை முழுக்க ஒரு டிராக்டர்தான் வந்தது. அதுவும் எங்களுக்காக ஒதுங்கி நின்றது.

மதியம் ஒரு சின்ன ஊர் வந்தது. ரொட்டிக்கடை மூடியிருந்தது. கோயிலும் மூடியிருந்தது. ஒரு சுவர்மேல் பூனை மட்டும் உட்கார்ந்திருந்தது. நான் பையை இறக்கினேன்.

"இன்னாமே, சாப்பாட்ட எடு."

"இன்னா சாப்பாடு?"

"அந்தம்மா ரொட்டி குடுத்தப்ப வேணாம்னியே. நீ கட்டி வெச்சிருப்பேன்னு நெனச்சேன்."

"நான் எதுக்குக் கட்டணும்? கடைசி நாளு, ஞாயித்துக்கெழம. ஊருக்கு ஊரு பந்தல் போட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்தில் பூனைகூட இறங்கி ஓடிவிட்டது. பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிவரை வழியெல்லாம் பந்தல். மோர், சாம்பார் சாதம், தர்பூசணி என்று முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட்டுக் கொடுப்பார்களாம். கடைசி நாளில் வாங்கிக்கொள்ளக் கை போதாதாம். இருபது வருஷம் அப்படி நடந்தவளுக்கு, நடக்கிறவர்களுக்குச் சோறு வரும் என்பது சூரியன் வரும் என்பதுபோல. அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. வயிறுதான் சொல்லிக்கொண்டே இருந்தது.

அவள் கவலையே படவில்லை. கோயிலுக்குப் பின்னால் இருந்த கல்லறைத் தோட்டத்துக்குள் போய், அங்கே இருந்த குழாயில் பாட்டில்களை நிரப்பினாள். கல்லறைகளைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "பாரு, இவுங்க தண்ணிப் பந்தல் போட்டுக்கிறாங்க" என்றாள். கொஞ்ச தூரத்தில் முட்செடிகளில் கருப்பாகப் பழம் கொத்துக் கொத்தாகத் தொங்கியது. விஷமோ என்று நான் தயங்கினேன். ஒரு கைப்பிடி வாயில் போட்டுக்கொண்டு, "நான் செத்துட்டனான்னு பாத்துட்டு அப்பறம் நீ துன்னு" என்றாள்.

இரண்டு மணிவாக்கில் தோட்டத்தில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மா எங்களைப் பார்த்தார். மனைவி வயிற்றைத் தொட்டுக் காட்டிச் சிரித்தாள். அவர் உள்ளே போய் அரை ரொட்டியும் ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தார், தக்காளியும் நிறையக் கொடுத்தார். பாலாடைக்கட்டியின் வாடை கருவாட்டுக் கூடையைத் திறந்ததுபோல் இருந்தது. காசிமேட்டுப் பக்கம் வளர்ந்தவனை இதெல்லாம் ஒன்றும் செய்யாது, முழுக்கச் சாப்பிட்டேன். மனைவி பையிலிருந்து சின்ன மாதா படம் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். பந்தல் போடுகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கமாம். இதுகூட எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு என் குதிகாலில் கொப்புளம் உடைந்தது. ஆமை வேகத்தில் நடந்தேன். எவ்வளவு மெதுவாக நடந்தாலும் அவள் என்னைத் தாண்டவில்லை. அவளுடைய கைத்தடிச் சத்தம் சரியாகப் பின்னாலேயே வந்தது.

"இத்தினி வருஷம் நடந்தவ நீ. ஒரு தபாகூட முன்னாடி வரமாட்டேன்றியே?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "எங்க கூட்டத்துல யாரு ரொம்ப மெதுவா நடக்கிறாங்களோ, அவுங்களத்தான் முன்னாடி வுடுவோம். பின்னாடி வுட்டா எங்கனா குந்திகினா தெரியாது. முன்னாடி வுட்டா எல்லாரும் அவுங்க காலுக்கு ஏத்த மாதிரி நடப்பாங்க."

ஆறு நாள் பெருமை ஒரு நிமிஷத்தில் போயிற்று. மரத்தில் அடுத்த கோட்டைத் தேடிக்கொண்டு நடந்தேன். பிறகு, "நீ எப்பனா முன்னாடி நடந்துகீறியா?" என்றேன்.

"ஒரு வருஷம்கூட இல்ல. நான் கடைசிலதான் வருவேன். குந்தினவங்கள எழுப்பிகினு."

இருபது வருஷமாக அவளை வாசலில் விட்டுவிட்டு வந்தேனே, அங்கே போய் என்ன செய்கிறாய் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஜெபம் சொல்லிக்கொண்டு கும்பலோடு போவாள் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

மாலையில் மலை ஏற்றம் தொடங்கியது. மேலே அந்த ஊரின் கோயில் கோபுரம் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். பின்னால் வந்த கைத்தடிச் சத்தம் மாறியது. இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். திரும்பிப் பார்க்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவளே என்னை ஒட்டிக்கொண்டு தாண்டினாள். எனக்கு முன்னால் போய் நின்று, ஒரு மூச்சு விட்டு, வலது காலை இழுத்து இழுத்து ஏற ஆரம்பித்தாள்.

கை தானாகச் சட்டைப்பையில் இருந்த போனுக்குப் போனது. ஒரு வார்த்தை சொன்னால் பத்து நிமிஷத்தில் கார் வந்துவிடும். மகள் சொன்னதும் நியாயம்தான்.

"கூப்பிடவா?" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "நீ பின்னாடி கீறியா?"

"கீறேன்."

"அப்ப வா."

போனை எடுக்கவில்லை. அவள் நின்றபோது நின்றேன், நடந்தபோது நடந்தேன். ஒரு மணி நேர ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு இடத்தில் அவள் கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். கையைக் கொடுத்து எழுப்பினேன்.

ஊர் எல்லையில் மகள் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். அம்மா கையைத் தூக்கி ஆட்டியதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"இன்னா நைனா, முட்டி வலிக்காரி முன்னாடி வருது, நீ கடைசில வர்றே?"

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாம்மா," என்றேன். "நான் கடைசிலதான் வருவேன்."