குடியுரிமைக்கு நான் கொடுத்த விலை

என் மகளின் முகத்தைப் பார்த்து, "உன் அப்பா செத்துப் போயிட்டாரும்மா" என்று சொன்னவன் நான். சொன்னபோது உயிரோடுதான் இருந்தேன். இன்றும் இருக்கிறேன்!

என்னைத் திட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுத் திட்டுங்கள். இந்தக் கதையில் அயோக்கியன் ஒருவன்தான். மற்ற எல்லாரும் எனக்கு நல்லதையே செய்தவர்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல உட்கார்ந்தால், என் குற்றத்தைச் சொல்லாமல் ஒரு வரிகூட நகர மாட்டேன் என்கிறது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த நாள்களில் மலாக்காவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான் தலைமைக் குமாஸ்தா. கடல் தாண்டி வியாபாரம் செய்யும் நம்மவர்கள்தாம் எங்கள் கட்சிக்காரர்கள். கடை மலாக்காவில் இருக்கும், கிடங்கு சிங்கப்பூரில், பங்காளி சுமத்ராவின் மேடானில், நிலம் நாகப்பட்டினத்தில். எது யார் பெயரில் இருந்தால் எந்தச் சர்க்காருக்கு என்ன பதில் சொல்லலாம் என்பதைப் பத்திரமாக எழுதிக் கொடுப்பதே எங்கள் பிழைப்பு. அதில் நான் கெட்டிக்காரன். அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது, பாருங்கள்!

மெர்டேக்கா என்கிற அந்தச் சுதந்திரம் வந்ததும் அத்தனை முதலாளிமாரும் குடியுரிமை கேட்டு எங்கள் படியேறினார்கள். "ஒரு வீடு வாங்கிப் போடுங்க, கடையை உள்ளூர்ப் பேர்ல பதிவு பண்ணுங்க. இங்கேயே இருக்கப் போறவர்னு அதிகாரிக்குத் தெரியணும்" என்று வக்கீல் ஐயா ஆலோசனை சொல்வார். மனுவை நான் தட்டச்சு செய்வேன். ஊருக்கெல்லாம் குடியுரிமை வாங்கிக் கொடுத்த எனக்குக் குடியுரிமை இல்லை!

சட்டம் எளிமையானது. கடந்த பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டு இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். சிறுவயதிலேயே இங்கு வந்து வளர்ந்தவன்தான் நான். ஆனால் போர் முடிந்ததும் ஒரு கட்சிக்காரரின் நில வழக்குக்காக அலுவலகம் என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. ஆறு மாதம் என்று போனவன் திரும்ப ஐந்து ஆண்டு ஆகிவிட்டது. அங்கே அஞ்சலையை மணந்தேன். மீனா பிறந்தாள். அவள் தவழத் தொடங்கியபோது, இருவரையும் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று நான் மட்டும் கப்பல் ஏறினேன்.

இன்னும் சில ஆண்டு பொறுத்திருந்தால் நேர்வழியிலேயே குடியுரிமை கிடைத்திருக்கும். பொறுத்தேனா? இல்லை. குடிமக்கள் அல்லாதவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டதோ... வக்கீல் ஐயாவும் ஒருநாள், "நீயே வெளியாளா இருந்துகிட்டு இந்த மனுவெல்லாம் எப்படிப்பா கொண்டு போறே?" என்று விளையாட்டாகக் கேட்டார். அது என்னைச் சுட்டுவிட்டது.

ஊரைவிட்டே போகவில்லை என்று எழுதுவதென முடிவு செய்தேன். போகவே இல்லை என்றால் கல்யாணம் எப்படி நடந்திருக்கும்? 'மணமாகாதவர்' என்று தட்டினேன். சின்னப் பயணம் ஒன்று போய்வந்ததாகக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பயணம் என்றால் கப்பல் சீட்டைக் கேட்பார்கள், தேதியைக் கேட்பார்கள். இதெல்லாம் என் தொழில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. மனைவி மகள் விஷயத்தைப் பிறகு எப்படியாவது சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காகிதத்தால் ஆகாதது ஒன்றும் இல்லை என்று நம்பியிருந்த காலம் அது.

எனக்காகச் சத்தியம் செய்ய ஒரு சாட்சி வேண்டியிருந்தது. நான் குடியிருந்த காஜா பெராங்கில் என் பக்கத்து வீட்டுக்காரர் துரை அண்ணன். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் மலாக்காச் செட்டி வம்சம். சாமி நம் சாமிதான், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். என்னிடம் மட்டும் தெரிந்த தமிழைப் பொறுக்கிப் போட்டு, மலாய்க்காரர்போல் பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா' சேர்த்துப் பேசுவார். நகராட்சியில் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர் என்பதால் அவரைத் தெரியாத வீடே நகரில் கிடையாது. அவர் சொன்னால் எந்த அதிகாரியும் நம்புவார்.

விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"தம்பி, நீ இல்லாத வருஷம் உன் வீட்டு மீட்டர் நகரவே இல்ல லா. நான்தானே எழுதினேன்."

"அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கண்ணே."

"கேட்டா?"

"இவன் குளிக்கிறதே இல்லைன்னு சொல்லிடுங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கி, "நீ போயிட்டா பக்கத்து வீட்டுல யாரு? சூசா லா, கஷ்டம்" என்றார். மறுநாள் காலையில் மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றிவிட்டு என்னோடு வந்தார். அதிகாரி முன் கையுயர்த்திச் சத்தியம் செய்தார். வெளியே வந்து, "அம்மன்கிட்ட முன்னாடியே மன்னிப்பு கேட்டாச்சு, ஜங்ஙான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்று எனக்குத் தைரியம் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்தவர் அவர்!

குடியுரிமைச் சான்று கைக்கு வந்த அன்று நான் அழுதேன். வந்த வழி பொய், அந்த அழுகை பொய்யில்லை. என்னை வளர்த்து, சோறு போட்டு, மனிதனாக்கிய மண் இது. இதற்கு நான் பட்ட நன்றிக்கடனுக்கு அளவே இல்லை. இன்றும் அப்படித்தான்.

அடுத்த மழைக்காலத்தில் அஞ்சலை காய்ச்சலில் இறந்துபோனாள். அவள் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. 'மாப்பிள்ளை, குழந்தையை நீங்கள் அழைத்துக்கொள்ளுங்கள், இங்கே வைத்துக்கொள்ள வழியில்லை' என்று இருந்தது.

அஞ்சலைக்காக வாய்விட்டு அழக்கூட எனக்கு உரிமை இல்லை. நான் மணமாகாதவன் அல்லவா!

உண்மையை ஒப்புக்கொண்டிருக்கலாம். என் குடியுரிமை போயிருக்கும். துரை அண்ணன் மேல் வழக்கு வந்திருக்கும், அவர் வேலையும் போயிருக்கும். அவரைக் காப்பாற்றத்தான் வாய் மூடினேன் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்... இல்லை! நான் காப்பாற்றியது என்னைத்தான்.

கடிதத்தோடு துரை அண்ணன் வீட்டுக்குப் போனேன். என்ன செய்ய வேண்டும் என்று நான் வாய்திறந்து சொல்லவில்லை. அவர்களே சொல்லும்வரை உட்கார்ந்திருந்தேன். அதுவும் ஒரு குமாஸ்தா வித்தை. கடைசியில் அவர் மனைவி, அண்ணிதான் சொன்னார். "மூணும் பையன் லா எனக்கு. கொண்டு வா. நான் வளர்க்கறேன்."

தத்து எடுக்கும் மனுவை எங்கள் அலுவலகமே தாக்கல் செய்தது. அஞ்சலையின் அண்ணனும் நான் கேட்டபடியே தன் பங்குக்கு எழுதிக் கொடுத்தார். தகப்பனைப் பற்றிய இடத்தில் 'காலமானார்' என்று நானே தட்டினேன். வக்கீல் ஐயா படிக்காமலே கையெழுத்திட்டார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

மீனா வந்த கப்பலுக்காக நானும் துரை அண்ணனும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் நின்றோம். ஊர்க்காரப் பெண் ஒருத்தி அவளைக் கைப்பிடித்து இறக்கிவந்தாள். அஞ்சலையின் நெற்றி, என் மூக்கு. அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல எங்க அப்பா யாரு?"

துரை அண்ணன் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றார். எனக்கு இடம் விட்டார்! நீதிமன்றம், மனு, வழக்கு, வேலை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு அந்த மனிதர் எனக்கு இடம் விட்டார். ஒரே ஒரு சொல் போதும். நான் குனிந்து அவளிடம் சொன்னது என்ன என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. "அம்மா மாதிரியா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. இனிமே இவர்தான் உன் அப்பா."

துரை அண்ணன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "வா மீனா. வீட்டுல பிஸ்கட் இருக்கு" என்றார். திரும்பும் வழியெல்லாம் அவளோடுதான் பேசிக்கொண்டு வந்தார். காஜா பெராங்கில் இறங்கியபோது என்னிடம், "நான் செஞ்சது சின்னப் பொய் தம்பி" என்றார். அதற்குமேல் அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவளை அவர்கள் வளர்த்த வளர்ப்பு! அண்ணி தலை பின்னிவிடும்போது பாடுவதும், பையன்கள் மூவரும் அவளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவதும், என் சன்னல் வழியாக எல்லாம் தெரியும். நான் வளர்த்திருந்தால் அந்தச் சிரிப்பில் பாதிகூட அவளுக்குக் கிடைத்திருக்காது. இதை அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. கடவுளே, அந்த இரண்டு பேரையும் எனக்குப் பக்கத்து வீட்டில் வைத்தாயே என்று எத்தனை முறை கைகூப்பியிருக்கிறேன்!

கொஞ்ச காலத்திலேயே அவள் தமிழை மறந்தாள். அந்த வீட்டு மலாய் அவள் மொழியாயிற்று. என்னை 'மாமா' என்று அழைத்தாள். அவள் கல்யாணத்தில் தாரை வார்த்தவர் துரை அண்ணன். நான் பந்தியில் சோறு பரிமாறினேன். இந்த ஒப்புதலைத் தமிழில் எழுதுகிறேனே, ஏன் என்று நினைக்கிறீர்கள்? அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. உங்களிடம் சொல்லத் துணிவு இருக்கிறது, அவளிடம் சொல்ல இல்லை...

செட்டி வீடுகளில் போகி அன்று பர்ச்சு வைப்பார்கள். குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வாழையிலையில் பரப்பி, அவர்கள் வந்து உண்ணட்டும் என்று காத்திருந்து, அதன் பிறகே வீட்டார் சாப்பிடுவார்கள். மீனா வந்த பிறகு வந்த முதல் போகியில், அவளுடைய அம்மாவுக்கு ஓர் இலையும் செத்துப்போன அப்பாவுக்கு ஓர் இலையும் போட வைத்தார் துரை அண்ணன். பூசை முடிந்ததும் அப்பாவின் இலையில் இருந்ததைத் தட்டில் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"இது உன்னோடது. ஆறிடும், சாப்பிடு."

அது தண்டனையா, தயவா? தயவு என்றே எடுத்துக்கொண்டேன். ஒவ்வொரு போகிக்கும் வந்தார். கால் வீங்கி நடக்க முடியாத ஆண்டிலும் தடியை ஊன்றிக்கொண்டு அவரேதான் கொண்டுவந்தார். என்னைக் காட்டிக் கொடுக்காமலே போய்ச் சேர்ந்தார். அண்ணியும் போய்விட்டார்.

இப்போது தட்டை மீனா கொண்டுவருகிறாள். "இந்த இலை மாமாவுக்குத்தான்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்கார்" என்று மலாயில் சொல்வாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

இந்த ஆண்டு போகிக்கு முன்னால் வந்து என் எதிரே உட்கார்ந்தாள். அவள் பேசியது மலாயில். நான் தமிழில் தருகிறேன்.

"மாமா, நீங்க அந்த ஊர்ல இருந்தவர்தானே. என்னைப் பெத்த அப்பாவைத் தெரியுமா?"

இப்போது வழக்கு இல்லை. பறிபோவதற்கு யாருடைய வேலையும் இல்லை. காப்பாற்றுவதற்கு துரை அண்ணனும் இல்லை. எந்தச் சாக்கும் மிச்சமில்லை. அவள் எதிரே இருந்தாள், நான் இருந்தேன்.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

"அவருக்கு என்ன பிடிக்கும்? இத்தனை வருஷமா நானா எதையோ சமைச்சு வைக்கிறேன். அவருக்குப் பிடிச்சுதோ என்னமோ."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒரு குரல்...

"முருங்கைக்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பு" என்றேன். "புளி கொஞ்சம் தூக்கலா இருக்கணும்."

போகி அன்று கொண்டுவந்தாள். அஞ்சலை வைத்த குழம்பேதான்! கையில் விசிறியோடு பக்கத்தில் உட்கார்ந்து, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செடாப் தாக், மாமா? நல்லா இருக்கா? அவருக்குப் பிடிச்சிருக்குமா?"

"பிடிச்சிருக்கும்மா" என்றேன். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.