தண்ணீர்த் தொட்டியடி மாங்குயில்

விடுதியில் அவளுக்குக் 'குருவி டாக்டர்' என்று பெயர். பெயர் வைத்தவர்கள் யாரும் ஒருநாள்கூட அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

பறவைக் குரலைக் கேட்டு, இன்ன பறவை, இத்தனை மணிக்கு வந்தது என்று தானே குறித்துக்கொள்ளும் ஒரு பெட்டியைச் செய்து, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியடியில் கட்டியிருந்தாள். எல்லாம் நாலு வருஷமாக அந்தப் பக்கம் தலைகாட்டாத மாங்குயிலுக்காக.

பன்னிரண்டு நாளாகப் பெட்டி ஒரே கணக்கைச் சொன்னது: காலை ஆறேகால், மாங்குயில், ஒன்று. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பேராசிரியரிடம் ஓடினாள்.

"குரலைப் பதிவு பண்ணிக் கொண்டாம்மா, கேட்போம்" என்றார் அவர்.

மறுநாள் பதிவு செய்து, அறைக்கு வந்து கேட்டாள். இழுத்து இழுத்து ஒரு விசில். அப்புறம் ஒரு இருமல். அப்புறம், "சீக்கிரம் வாயேன்டி" என்று அவளுடைய குரல்.

தினமும் ஆறேகாலுக்குப் பெட்டியின் பேட்டரியை மாற்றுவது அவள்தான். மாற்றும்போது மாங்குயில் மாதிரியே விசிலடிக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் முதல் நாளே சிரித்திருப்பார்.

பெட்டி குறித்திருந்த பதிமூன்று வரிகளையும் அழித்தாள். அழித்து முடித்ததும் அக்கா போன் பண்ணினாள்.

"என்னடி, உன் மாங்குயிலுக்கு ஜோடி கிடைச்சுதா?"

"இல்லக்கா. அது மட்டும்தான் தினம் வருது."