நாலு ரவுடிகளும் இரண்டு சம்பந்திகளும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களையெல்லாம் மேலே ஏற்றிவிடுவார். சொந்த வீட்டில் ஒரு பல்பு மாற்றச் சொன்னால் பார்க்கலாம் என்பார். சம்பாதிப்பதில் பாதி, ஹாலில் சோபா இருக்க வேண்டிய சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி மீன் தொட்டிக்குப் போகிறது. உள்ளே நாலு ரவுடிகள்: ஓர் அரோவானா, இரண்டு ஆஸ்கர், முரட்டு மீசை வைத்த ஒரு கெளுத்தி. வாய்க்குள் போகாத அளவில் இருந்தால் கூட்டாளி, போகிற அளவில் இருந்தால் சாப்பாடு. அங்கே அதுதான் சட்டம். ஐந்தாவதாக ஒன்று வேண்டுமென்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அது வந்தால் நான் அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லி வைத்திருந்தேன்.

கடைசியில் அப்பாதான் இங்கே வந்தார். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. இனி அவரைத் தனியாக விட முடியாது. எனக்கும் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. வீட்டைக் காலி செய்து கூட்டி வந்துவிட்டேன்.

வந்த அன்றே, பாவம், தெரியாமல் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அது என் மாமனாரின் சிம்மாசனம். மாமா எதிரே நின்றுகொண்டு டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார். அன்றிலிருந்து அப்பா எங்கே உட்கார்ந்தாலும் மாமாவுக்கு ஓர் இருமல் வரும். வாரம் முடிவதற்குள் அப்பா பையைக் கட்டிவிட்டார்.

“இது அவர் வீடும்மா. என்னை ஏதாவது முதியோர் இல்லத்துல விட்டுடு.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. தொட்டி முன்னால் குந்தியிருந்த மனுஷனிடம் போய் நின்றேன். “இந்த ரவுடிங்களை ஒண்ணா வச்சுக் குடித்தனம் நடத்துறீங்கல்ல. ரெண்டு வயசானவங்களை வச்சிருக்கத் துப்பில்லையா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

மறுநாள் லீவு போட்டார். அப்பாக்கள் இரண்டு பேருக்கும் வயிறு முட்டச் சாப்பாடு போட்டு, என்னோடு கண் டாக்டரிடம் அனுப்பிவைத்தார். சாயங்காலம் திரும்பினால் வீடு தலைகீழ். கட்டில்கள் இடம் மாறி, டிவி எதிர்ச்சுவருக்குப் போய், ஜன்னலை மறைத்துக்கொண்டு பீரோ நிற்கிறது. சிம்மாசனத்தைக் காணோம். தொட்டிக்கு முன்னால் நீளமாக ஒரு பெஞ்சு மட்டும் கிடந்தது.

“என்னடா இது?” என்றார் மாமா.

“புது மீன் விடறதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் வயிறு நிறையப் போட்டுட்டு, கல்லு கட்டையெல்லாம் இடம் மாத்தி வைப்பேன்ப்பா. அப்பதான் பழைய மீனுக்குத் தன் மூலை எதுன்னு தெரியாது. சண்டைக்குப் போகாது.”

பெற்ற அப்பனை மீன் என்கிறாரே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா வாசலைத் தாண்டவில்லை. “நான் எங்க உட்காரட்டும், சம்பந்தி?”

மாமா ஹாலைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இத்தனை வருஷம் இருந்த வீட்டில், நேற்று வந்தவர் மாதிரி முழித்தார். எனக்கே பாவமாக இருந்தது.

“எனக்கே தெரியல சம்பந்தி. வாங்க, அந்தப் பெஞ்சுல உட்காருவோம். இவனுக்குப் பைத்தியம்தான் பிடிச்சிருக்கு.”

“கல்யாணத்தப்பவே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு,” என்றார் அப்பா, பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டே.

நான் உள்ளே போய் அப்பாவின் பையைப் பிரித்து, சட்டைகளை அலமாரியில் அடுக்கினேன். திரும்பி வந்தபோது ஹால் விளக்கை அணைத்திருந்தார் என் வீட்டுக்காரர்.

“புது மீனுக்கு முதல் நாள் வெளிச்சம் ஆகாது,” என்று என் காதில் சொன்னார்.

இருட்டில் இரண்டு பேரும் ஒற்றுமையாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். கோபித்துக்கொண்டு போக இனி அப்பா வீடு என்று எனக்குத் தனியாக ஒன்று இல்லை.

“அந்த அஞ்சாவது மீன் எப்ப வருது?” என்று கேட்டேன்.