கணினிப் பலகைக்கு வைக்கவிருந்த சந்தனம்

வவுணதீவில் எங்கள் அரிசி ஆலையில், கறுத்துப்போன அரிசி மணிகளைப் பிரிக்கும் இயந்திரத்தின் கணினிப் பலகை மின்னலில் கருகி, வேலையே நின்றது. மழை வந்தால் முற்றத்து நெல் முளைத்துவிடுமே என்ற பதற்றத்தில் புதியதை வரவழைத்தேன். பொட்டு வைக்காமல் எதையும் தொடங்க மாட்டோம். ஈரச் சந்தனத்துடன் விரலை நீட்டினேன்.

"அப்பா, தொடாதீங்க!" என்று எஞ்சினியரான என் மகள் கத்தினாள். "ஈரத்தோட கரண்ட் குடுத்தா எரிஞ்சிரும். வெறுங்கையில தேங்கி இருக்கிற நிலைமின்சாரமே போதும், பழுதாக்கிரும்."

"சாமி கோவிக்காதா மகள்?"

"பலகை எரிஞ்சா நீங்கதான் கோவிப்பீங்க."

கை மின்சாரம் நிலத்துக்கு இறங்கிவிட, எர்த் வயருடன் இணைத்த பட்டியை மணிக்கட்டில் கட்டி, ஓரங்களை மட்டும் பிடித்துப் பொருத்தினாள். மின்சாரம் கொடுத்ததும் அந்த உள்ளங்கையளவு பலகை, அருவியாய்க் கொட்டிய அரிசியில் ஒவ்வொரு மணியையும் பார்த்துக் கறுப்பை மட்டும் ஊதித் தள்ளியது. மூட்டைகளை எண்ணியே பழகிய நான் அன்று எண்ண மறந்து நின்றேன்.

இப்போது மின்சாரத்தை நிறுத்தி, பட்டி கட்டிய பிறகே பலகை இருக்கும் பெட்டியைத் திறக்கிறேன். சந்தனம் அதன் இரும்புக் கதவுக்கு மட்டும்.