வாட்டர் பம்ப்பில் நான் அடைத்த ஓட்டை

போன செவ்வாய்க்கிழமை ஒரு குற்றம் செய்தேன். சாட்சி — ஒரு வீல் லோடர்.

துபாய் ஜெபல் அலியில் ஒரு யார்டில் நான் ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். பதினெட்டு வருஷ சர்வீஸ். எதற்கும் பதறாத ஆள் என்று பெயர். பெயர் வைத்தது நான்தான்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். ஆபரேட்டர் லீவில் போகிறார் என்றால், அவர் ஓட்டும் மெஷின் நல்ல நிலையில் இருக்கிறது என்று ஒர்க்‌ஷாப் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பேப்பர் ஆபீசுக்குப் போனால்தான் லாக்கரிலிருந்து பாஸ்போர்ட் வெளியே வரும். மெஷின் படுத்தால், ஆளும் இங்கேயே படுக்க வேண்டியதுதான்.

மணல் அள்ளும் அந்த லோடரை ஓட்டுகிற ஜேசுதாசன் கன்னியாகுமரி கடற்கரைக்காரர். புதன்கிழமை இரவு ஃபிளைட். இரண்டு வருஷம் கழித்து ஊருக்குப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மகளுக்குப் புது நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை கவுனும் பூக்கிரீடமும் பெட்டியில் ரெடி.

செவ்வாய் மாலை லோடரை செக் பண்ணக் குனிந்தேன். இன்ஜின் சூடாகாமல் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பின் அடிவயிற்றில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதிலிருந்து சொட்... சொட்... சொட்...

எனக்கு வியர்த்தது. ஜூலை மாத ஜெபல் அலியில் வியர்ப்பது ஒரு செய்தியா? இது வேறு வியர்வை!

பம்ப்பைக் கழற்றினால் லோடர் நிற்கும். லோடர் நின்றால் பேப்பர் நிற்கும். பேப்பர் நின்றால்... என் மூளை ஜேசுதாசன் ஊர் வரைக்கும் ஓடி, சர்ச் வாசலில் அழுகிற ஒரு சிறுமியையும் பார்த்துவிட்டுத் திரும்பியது. கை தானாக, ஓட்டை அடைக்கிற ஸ்டீல் புட்டிப் பசையை எடுத்தது. பிசைந்தேன். அடைத்தேன். கையெழுத்தும் போட்டேன். மொத்தம் பத்து நிமிஷம்.

அந்த ஓட்டை எதற்கு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆபரேட்டர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சீல் தேய்ந்தால், கசிகிற தண்ணீர் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வடிய வேண்டும். அதைப் பார்த்து நாம் சுதாரிக்க வேண்டும். அதற்கென்றே வைத்த வழி அது. அதை அடைப்பது... கத்துகிற குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, ‘குழந்தை சௌக்கியம்’ என்று எழுதிக் கொடுப்பது மாதிரி.

புதன் காலை ஏழரைக்கு லோடர் கீச்சிட்டது. பேரிங் சத்தம்! இன்ஜினை நிறுத்தச் சொல்லி ஃபேனைப் பிடித்து ஆட்டினேன். அந்த பம்ப் ஷாஃப்டில்தான் ஃபேன் நிற்கிறது. கடகடவென்று ஆடியது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தால் ரேடியேட்டரையே கிழித்திருக்கும்.

“ஜேசு, சாவியைக் கொடு. பம்ப் போச்சு. கசிஞ்ச ஓட்டையை நேத்து நான்தான் அடைச்சேன்.”

ஜேசுதாசன் இறங்கி வந்து சாவியை என் கையில் வைத்தார். “என்ன அண்ணே இப்பிடிப் பண்ணிட்டிய! வள்ளத்துல ஓட்டை விழுந்தா நாங்க அடைப்போம். இது அடைக்கக் கூடாத ஓட்டைன்னு எங்களுக்குச் சொல்லித் தந்ததே நீங்கதானே?”

பதற்றம் வந்தால் மனுஷனுக்கு முதலில் தோன்றுவது, கண்ணுக்குத் தெரிவதை மறைப்பதுதான். ஃபோர்மேன் ஆனாலும்.

பேப்பர் ஏற்கெனவே ஆபீசில் இருந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவர் ஜம்மென்று பறந்துவிடுவார். அடுத்து ஏறுகிறவன் தலையில் விடியும். ஒரு நிமிஷம் — பொய் சொல்லவில்லை — யோசித்தேன். அப்புறம் ஆபீசுக்கு நடந்தேன். நடந்ததைச் சொல்லி, பேப்பரைத் திருப்பி வாங்கினேன்.

மேனேஜர் ஜோர்டான்காரர். வாட்சைத் தட்டிக் காட்டினார். “ஃபைவ் ஓ கிளாக். மெஷின் மாஃபி, பாஸ்போர்ட் மாஃபி. கலாஸ்!” மாஃபி என்றால் இல்லை; கலாஸ் என்றால் அவ்வளவுதான்.

“அஞ்சுக்குள்ள ஓடும் சார்” என்றேன்.

இன்ஜின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. அவசரப்பட்டுத் திறந்து கையை வேகவைத்துக் கொண்டவர்கள் எங்கள் கேம்பிலேயே உண்டு. ஆறியபின் திறந்தால்... பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட், டீ நிறத்தில்!

“என்னய்யா ஜேசு ஊத்தினே?”

“பைப்புத் தண்ணிதான். கூலன்ட் கேட்டா ஸ்டோர்ல மூணு கையெழுத்து கேக்கான். பைப்பு கையெழுத்தா கேக்குது?”

அந்த உப்புத் தண்ணீர்தான் சீலை அரைத்துவிட்டது. போதாக்குறைக்கு யாரோ புண்ணியவான் ஃபேன் பெல்ட்டை வீணைத் தந்தி மாதிரி இழுத்து முறுக்கியிருந்தான். பாரமெல்லாம் பேரிங் மேல். யாரென்று ஜாப் கார்டைப் பார்த்தேன். என் கையெழுத்து.

ஸ்டோரில் ரிப்பேர் கிட் இருந்தது. மூன்று கையெழுத்தையும் மூச்சுவிடாமல் போட்டேன். பழைய பேரிங்கும் சீலும் வெளியே, புதுசு உள்ளே. ஓட்டையில் நான் திணித்த புட்டியை நானே நோண்டி எடுத்தேன். ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கெட்டை ஒரு துணுக்கு விடாமல் ஜேசுதாசன் சுரண்டினார். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். ரேடியேட்டரை அலசி, கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் கலந்து ஊற்றினோம். பெல்ட்? கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற அளவு. அதற்கு மேல் ஒரு சுற்றுகூட இல்லை.

இடையில் “சாப்பிட்டியா ஜேசு?” என்று கேட்டேன். “ஊர்ல போய்ச் சாப்பிடுதேன் அண்ணே. நீங்க ஸ்பேனரப் பிடிங்க!”

மூன்றரைக்கு ஸ்டார்ட். ஒரு மணி நேரம் மணல் அள்ள வைத்து, நன்றாகச் சூடேற்றி, நிறுத்தி, பம்ப்புக்கு நேர் கீழே ஒரு அட்டையைப் போட்டேன். இரண்டு பேரும் அதையே முறைத்துக்கொண்டு நின்றோம். அட்டை காய்ந்தே கிடந்தது.

ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் மறுபடியும் கையெழுத்து. மேனேஜர் பாஸ்போர்ட்டை எடுத்து ஜேசுதாசன் கையில் கொடுத்தார். கூடவே எனக்கு ஒரு கவர். பதினெட்டு வருஷத்தில் முதல் வார்னிங் லெட்டர் — அரபியிலும் இங்கிலீஷிலும்.

வெளியே வந்ததும் ஜேசுதாசன் அதை எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணே எழுதியிருக்கான்?”

“உன் மகளுக்கு வாழ்த்துச் சொல்லியிருக்கான். ஃபிளைட்டுக்கு நேரமாச்சு... யல்லா, கெளம்பு!”